கரையில் எட்டு மணி நேரம்

அத்திப்பட்டுக்காரர்களிடம் வந்து கப்பலைப் பற்றிப் பெருமை பேசாதீர்கள். எங்களுக்குக் கிழக்கே எண்ணூரில் காமராஜர் துறைமுகம். அதற்குச் சற்று வடக்கே காட்டுப்பள்ளித் துறைமுகம். மின்சார ரயிலேறித் தெற்கே போனால் சாட்சாத் சென்னைத் துறைமுகம். மூன்று துறைமுகத்துக்குப் பக்கத்தில் குடியிருக்கும் பாக்கியம் வேறு எந்த ஊருக்கு உண்டு?

ஆனால் ஒரு சமாசாரம். எங்கள் எண்ணூர்க் கப்பல்களில் நிலக்கரி வருகிறது, எரிவாயு வருகிறது, பளபளவென்று மோட்டார் கார்கள் வரிசையாக ஏறிச் சீமைக்குப் போகின்றன. மனிதர்கள் மட்டும் போவதுமில்லை, வருவதுமில்லை. கப்பலுக்கும் எங்களுக்கும் உள்ள உறவெல்லாம் ரஸ்தாவில் லாரி வரிசையாக நிற்பதோடு சரி.

இதை முதலில் கண்டுபிடித்துச் சொன்னவள் என் அத்தை. வயது எழுபத்துநாலு. பிறந்தது, வளர்ந்தது, வாழ்க்கைப்பட்டது எல்லாம் ராயபுரம். மாமா ஹார்பரில் டாலி கிளார்க்காக இருந்தவர். அது என்ன உத்தியோகம் என்று கேட்கிற வாசகிகளுக்கு: கப்பலிலிருந்து இறங்குகிற மூட்டைகளையும் பெட்டிகளையும் ஒன்று, இரண்டு என்று எண்ணி, இத்தனை வந்தது, இத்தனை குறைந்தது, இத்தனை சேதம் என்று கணக்கு எழுதுகிற வேலை. முப்பத்தொரு வருஷம் எண்ணினார். அவர் காலமாகிப் பத்து வருஷமாகிறது. அதற்குப் பிறகு அத்தை எங்களோடுதான் அத்திப்பட்டில் இருக்கிறாள்.

"அத்தனை கப்பலை எண்ணினாரே, ஒரு நாள் ஒரு கப்பல்லே ஏறி ஒரு ஊர்லே இறங்கினதுண்டா? என்னைத்தான் ஏத்தினாரா?" என்று அத்தை அவ்வப்போது கேட்பாள். பதில் சொல்ல வேண்டிய மாமா படத்திலிருந்து புன்னகை செய்துகொண்டிருப்பார்.

2022 ஜூன் மாதம் சென்னைத் துறைமுகத்திலிருந்து உல்லாசக் கப்பல் புறப்படத் தொடங்கியபோதே அத்தைக்கு ஆவல் பிறந்துவிட்டது. அந்தத் தடவை புதுச்சேரியில் கரை இறங்க அந்த அரசு அனுமதி தரவில்லை. கப்பலில் சூதாட்டம் நடக்குமே என்று அங்கே பலமான ஆட்சேபணை. பிறகு 2025 ஜூலை 4-ஆம் தேதி கப்பல் வந்தே விட்டது. பெரிய கப்பல் கரைக்கு வர ஆழம் போதாது. ஆகையால் அது கடலில் நங்கூரமிட்டு நிற்க, பிரயாணிகளைச் சிறு படகுகளில் கொண்டுவந்து இறக்கினார்கள். பத்திரிகையில் வந்த அந்தப் படத்தை அத்தை கத்தரித்துத் தன் கந்தசஷ்டிக் கவசப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டாள்.

நானும் சும்மா இருக்கவில்லை. இரண்டு பேருக்கு டிக்கெட் என்ன ஆகும் என்று விசாரித்தேன். விசாரித்த பிறகு, பால்காரர், மளிகைக்காரர், பள்ளிக்கூடச் சம்பளம் ஆகிய மூவரையும் மனக்கண்ணால் பார்த்தேன். பேசாமல் இருந்துவிட்டேன்.

அத்தை விடவில்லை. "ஏம்மா, கப்பல்லே போறவங்களும் அந்த ஊர்லே காலையிலே இறங்கிச் சாயங்காலம் ஏறிடறாங்க. நாம பஸ்ஸிலே போய் அதே மாதிரி எட்டு மணி நேரம் இருந்துட்டு வந்தா என்ன? கப்பல்லேருந்து இறங்கினதா வெச்சுக்குவோம்!" என்றாள்.

இப்படியாக எங்கள் உல்லாசக் கப்பல் யாத்திரை நிச்சயமாயிற்று. விதிகளை அத்தையே வகுத்தாள். காலை எட்டரைக்குக் கரை இறங்க வேண்டும். மாலை நாலரைக்குக் கடைசிப் படகு. யார் வராவிட்டாலும் கப்பல் காத்திருக்காது. கையில் ஒரு பைக்கு மேல் கூடாது. "கப்பல்லேருந்து இறங்கறவங்க கட்டுச்சோறு எடுத்துட்டு வரமாட்டாங்க" என்று என் அம்மா கட்டிக் கொடுத்த புளியோதரையையும் ஜாதிப்பிரஷ்டம் செய்துவிட்டாள்.

புறப்படுவதற்கு முன், இந்த விஷயத்தில் அனுபவசாலி ஒருத்தியிடம் யோசனை கேட்டேன். என்னோடு கல்லூரியில் படித்தவள். இப்போது குடும்பத்தோடு இங்கிலாந்தில் இருக்கிறாள். இரண்டு வருஷத்துக்கு முன் உண்மையாகவே கப்பலேறி, பிரான்ஸ் தேசத்தில் லெ ஹாவ்ர் என்ற துறைமுகத்தில் ஒரு நாள் இறங்கியவள்.

"ஒரே ஒரு புத்திமதிதான். தூரத்துக்கு ஆசைப்படாதே" என்றாள்.

அவள் கதை இது. லெ ஹாவ்ரிலிருந்து பாரிஸ் சுமார் 200 கிலோ மீட்டர். கப்பலில் இறங்கியவர்களில் பாதிப் பேர் பாரிஸுக்குப் போகும் பஸ்ஸில் பாய்ந்து ஏறினார்கள், இவளும் ஏறினாள். போக மூன்று மணி நேரம், வர மூன்று மணி நேரம். நடுவே ஈபில் கோபுரத்தின் அடியில் வரிசையில் நின்றாள். வரிசை நகர்வதற்குள் பஸ் புறப்படும் நேரம் வந்துவிட்டது! "பாரிஸ் பார்த்தேன் என்று எல்லாரிடமும் சொல்லிக்கொள்கிறேன். நான் பார்த்தது முன் சீட்டுக்காரரின் வழுக்கைத் தலை" என்றாள்.

அவள் விட்டுவிட்டுப் போன லெ ஹாவ்ர் சாதாரண ஊரல்ல. 1944 செப்டம்பரில் குண்டு வீச்சில் நடு ஊரே தரைமட்டமாயிற்று. அகுஸ்த் பெரே என்ற கட்டடக் கலைஞர் அதைக் கான்கிரீட்டினாலேயே மறுபடி எழுப்பினார். 2005-ல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றுக்கொண்டது. கப்பலிலிருந்து நடந்தே போயிருக்கலாம். தென் பிரான்ஸில் வில்பிரான்ஷ் என்று இன்னோர் ஊர். புதுச்சேரி போலவே அங்கும் கப்பல் தள்ளி நிற்கும். படகில்தான் கரை சேர வேண்டும். இறங்கிய இடத்திலேயே செம்படவர்களின் சின்னக் கோயில் ஒன்று, புனித பேதுருவின் பெயரில். ஜான் காக்தோ என்ற கவிஞர் 1957-ல் அதன் சுவரெல்லாம் சித்திரம் தீட்டியிருக்கிறார். ஆனால் அங்கே இறங்குகிறவர்களுக்கு நீஸ் நகரத்துக்கும் மொனாக்கோவுக்கும் ஓடத்தான் அவசரம் என்றாள் தோழி. ராயபுரத்திலும் மசூலா படகோட்டிகள் தங்கள் சம்பாத்தியத்தில் சென்ற நூற்றாண்டுக்கு முந்தின நூற்றாண்டில் கட்டிய புனித பேதுரு ஆலயம் இருக்கிறதே, நம்மில் எத்தனை பேர் நின்று பார்த்திருக்கிறோம்?

இன்னொன்றும் சொன்னாள். "அங்கெல்லாம் சின்ன ஊர்களில் மத்தியானம் பன்னிரண்டு மணிக்குக் கடையைச் சாத்தினால் இரண்டு மணிக்குத்தான் திறப்பார்கள். கடைக்குள் நுழைந்ததும் முதலில் ‘போன்ஜூர்’ என்று சொல்ல வேண்டும். சொல்லாமல் விலை கேட்டால் மரியாதை தெரியாதவர்கள் என்று நினைத்துக்கொள்வார்கள்."

இதைக் கேட்ட அத்தை, "இது என்ன பெரிய சங்கதி? மீன் வாங்கப் போனாக் கூட ‘என்ன ஆயா, நல்லா இருக்கியா?’ன்னு கேட்டுட்டுத்தானே விலை கேக்கணும்" என்றாள்.

தை மாதக் கடைசியில் ஒரு நாள். முதல் நாளே திருவான்மியூரில் என் தங்கை வீட்டில் தங்கி, விடியற்காலையில் கிழக்குக் கடற்கரைச் சாலை பஸ்ஸைப் பிடித்தோம். எட்டு இருபத்தைந்துக்குப் புதுச்சேரிக் கடற்கரையில் காந்தி சிலைக்கு எதிரே ஆட்டோவிலிருந்து இறங்கினோம். அத்தை காலை மெதுவாக ஊன்றி, கிழக்கே கடலைத் திரும்பிப் பார்த்து, இல்லாத கப்பலுக்கு ஒரு கும்பிடு போட்டாள்.

"சரி, எங்கேடி இறங்குவாங்க?" என்பதுதான் அத்தையின் முதல் கேள்வி.

நல்ல கேள்வி. புதுச்சேரியில் இயற்கையான துறைமுகம் கிடையாது. கப்பல்கள் வெளியே நிற்கும். அலையைத் தாண்டி ஆளையும் சரக்கையும் கொண்டுவர ‘சலங்கு’ என்ற படகுதான் கதி. நம் சென்னையின் மசூலா படகும் அதே இனந்தான். ஆணி அடிக்காமல் பலகைகளைக் கயிற்றினால் தைத்த படகு. அலை மோதினால் விறைத்து நின்று உடையாமல், வளைந்து கொடுக்கும். 1866-ல் பிரெஞ்சுக்காரர்கள் கடலுக்குள் நீளமாக ஓர் இரும்புப் பாலம் போட்டார்கள். 1952-ஆம் வருஷத்துப் புயல் அதை வாரிக்கொண்டு போயிற்று. தெற்கே தள்ளி வம்பாகீரப்பாளையம் பக்கம் 1962-ல் புதுப் பாலம் வந்தது. அதிலும் ஒரு பகுதி 2022 மார்ச்சில் கடலில் விழுந்துவிட்டது. எந்தக் காலத்திலும் கடைசி நாலு முழத் தண்ணீரைக் கடப்பதுதான் இந்த ஊரில் பெரும்பாடு!

"எங்க தாத்தாவுக்கு அப்பா மசூலா படகுக்காரர். தொரைசானிங்களைத் தோளிலே தூக்கிக் கரையிலே இறக்கினாராம். பாவாடை நனையாம இறக்கினா தனி இனாமாம்" என்றாள் அத்தை. அத்தையின் தாத்தாவுக்கு அப்பா என்றால் எனக்கும் முப்பாட்டனாருக்கு மேல் ஒருவர். ஆனால் இந்தச் செய்தியை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன்.

கடலோரச் சுவரில் உட்கார்ந்து, இந்தக் கரையில் இறங்கியவர்களையும் ஏறியவர்களையும் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். ஆனந்தரங்கப் பிள்ளை நம் பெரம்பூரில் 1709-ல் பிறந்தவர். இங்கே வந்து துய்ப்ளேக்ஸின் துபாஷி ஆனார். 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பு எழுதினார். இன்ன கப்பல் வந்தது, இத்தனை பீரங்கி போட்டார்கள் என்பதெல்லாம் அதில் விடாமல் இருக்கும்.

"அப்ப அவரும் டாலி கிளார்க்குதான்னு சொல்லு" என்றாள் அத்தை. பிள்ளையவர்கள் மன்னிப்பாராக.

1910 ஏப்ரல் 4-ஆம் தேதி கல்கத்தாவிலிருந்து வந்த ‘துய்ப்ளேக்ஸ்’ என்ற கப்பலிலிருந்து அரவிந்தர் இங்கே இறங்கினார். கடைசிப் படகைப் பிடிக்கவேயில்லை. 1950-ல் சமாதியாகும் வரையில் நாற்பது வருஷம் இந்த ஊரிலேயே தங்கிவிட்டார். ஏறிப் போனவர்கள் கதை வேறு மாதிரி. அந்த நாளில் புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் தமிழர்களைக் கரும்புத் தோட்டக் கூலிகளாக ரெயூனியோன், மர்த்தினிக், குவாதலூப் தீவுகளுக்கு ஏற்றிப் போனார்கள். ‘ஒரெலி’ என்ற கப்பல் 1853 மே மாதம் முதல் கூட்டத்தை மர்த்தினிக்கில் கொண்டுபோய் இறக்கியது. அவர்களில் பெரும்பாலோர் திரும்பி வரவில்லை. அவர்களுடைய பேரன் பேத்திகள் இன்றைக்குப் பிரெஞ்சு பேசிக்கொண்டு மாரியம்மனைக் கும்பிடுகிறார்கள்.

அத்தை கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அவங்களையும் எண்ணித்தானே ஏத்தியிருப்பாங்க" என்றாள்.

கடற்கரையில் நடந்தோம். 1836-ல் ஏற்றப்பட்ட பழைய கலங்கரை விளக்கம், செஞ்சியிலிருந்து வந்த கல்தூண்கள், முதல் உலக யுத்தத்தில் பிரான்ஸுக்காக மாண்டவர்களுக்கு 1938-ல் எழுப்பிய நினைவுச் சின்னம் என்று எல்லாம் வரிசையாக இருக்கின்றன. ‘மேரி’ என்கிற பழைய நகராட்சி மாளிகை 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்து, பழைய அச்சிலேயே மறுபடி கட்டி 2021-ல் திறக்கப்பட்டது. புதுசு என்று யாராவது சொன்னால்தான் தெரியும்.

அத்தையின் கண் இவற்றில் எதிலும் நிற்கவில்லை. சுவருக்குக் கீழே கொட்டியிருந்த கருங்கல் பாறைகளின் மேல் நின்றது. "இது நம்ம ராயபுரத்துக் கல்லு மாதிரியே இருக்கே! இங்கே ஏன் மணலைக் காணோம்?"

நிலைமை அதேதான். நம் கீழைக் கரையில் கடல் வருஷம் முழுவதும் மணலைச் சுமந்துகொண்டு போகிறது. கூட்டிக் கழித்துப் பார்த்தால் தெற்கிலிருந்து வடக்கே போவதுதான் அதிகம். குறுக்கே கடலுக்குள் கல்சுவர் கட்டினால் மணல் தெற்குப் பக்கமே தேங்கும். வடக்குப் பக்கம் பட்டினி. பசித்த கடல் கரையைத் தின்னத் தொடங்கும். சென்னையில் 1870-களில் துறைமுகச் சுவர் எழும்பத் தொடங்கியது. தெற்கே மெரினா அகலமாகிக்கொண்டே போயிற்று. வடக்கே ராயபுரமும் திருவொற்றியூரும் தேய்ந்தன. சுண்டல் தின்று காற்று வாங்குகிறோமே, அந்த மணலில் ஒரு பங்கு வடசென்னைக்குச் சேர வேண்டியது! புதுச்சேரியில் 1980-களின் கடைசியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் துறைமுகத்துக்குக் கல்சுவர் கட்டினார்கள். அடுத்த சில வருஷங்களில் ஊரின் முன்னால் இருந்த மணற்பரப்பு போய்விட்டது. பாறையைக் கொட்டி ஊரைக் காத்தார்கள். அண்மையில், 2018, 2019 வாக்கில், சென்னையிலுள்ள தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகத்தார் கடலுக்கடியில் ஆப்பு வடிவத்தில் பெரிய இரும்புத் திட்டு ஒன்றை இறக்கினார்கள். தலைமைச் செயலகத்துக்கு எதிரே மறுபடி கொஞ்சம் மணல் சேர்ந்தது. குழந்தைகள் அதில்தான் ஓடுகிறார்கள்.

"நான் சின்னப் பொண்ணா இருக்கச்சே எங்க வீட்டுக்கும் கடலுக்கும் நடுவிலே வலை காயப் போட இடம் இருந்தது. ரெண்டு வரிசைக் குடிசை இருந்தது" என்றாள் அத்தை. "உங்க மாமாவுக்குச் சம்பளம் கொடுத்த ஹார்பர்தான் எங்கப்பா வீட்டுத் தெருவைத் தின்னுது. யாரைக் கோவிச்சுக்கிறது?"

மணி பத்து. கடலைப் பார்த்ததிலேயே ஒன்றரை மணி நேரம் போய்விட்டது.

வெள்ளைக்காரத் தெருக்களை முக்கால் மணியில் முடித்தோம். மஞ்சள் சுவர், வெள்ளைக் கரை, சுவருக்கு மேல் வழியும் காகிதப்பூ. ஒவ்வொரு வாசலிலும் ஒரு புதுமணத் தம்பதி அல்லது புகைப்படக்காரர். சிவப்புத் தொப்பிப் போலீஸ்காரரை அத்தை ரசித்துப் பார்த்தாள். மணக்குள விநாயகரைத் தரிசித்தோம். வாசலில் நின்று துதிக்கையால் ஆசீர்வாதம் செய்யும் யானை லட்சுமி 2022 நவம்பரில் போய்விட்டது. அது நின்ற இடத்தைத் தாண்டும்போது பக்கத்தில் ஒரு சிறு பெண் தன் தாயிடம், "இங்கேதானே நிக்கும்?" என்று கேட்டாள்.

கப்பலில் இறங்குகிறவர்களுக்கு நேரம் போதாமல், இத்தோடு திரும்பிவிடுவார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. நான் அவர்களுக்கு வழிகாட்டியாக இருந்தால், வாய்க்காலைத் தாண்டி மேற்கே அழைத்துக்கொண்டு போவேன். அந்தப் பெரிய வாய்க்கால்தான் அந்த நாளில் வெள்ளையர் ஊருக்கும் தமிழர் ஊருக்கும் எல்லை. தாண்டி வடக்கே திரும்பினால் வைசியாள் வீதி. அங்கே வீடுகளுக்குத் திண்ணை உண்டு. திண்ணைக்கும் முன்னால், வீதியில் போகிறவர்கள் வெயில் படாமல் நடப்பதற்கென்று ஓட்டுச் சார்ப்பு இறக்கிய தாழ்வாரமும் உண்டு. கீழ்த்தளம் நம் மரத்தூணும் திண்ணையும். மாடியோ பிரெஞ்சுப் பாணி வளைவும் பலகை ஜன்னலும்! சம்பந்தி வீட்டாரின் புடவையை மருமகள் தன் பழைய ரவிக்கையோடு கட்டிக்கொண்டது போல் இரண்டும் எப்படியோ பொருந்தி இருக்கின்றன.

ஒரு திண்ணையில் அத்தை உட்கார்ந்துவிட்டாள். முழங்கால் வலி. நான் பதறுவதற்குள், கதவைத் திறந்துகொண்டு அத்தை வயதில் ஓர் அம்மாள் வந்து, யார், எவர் என்று கேளாமல் ஒரு சொம்பு தண்ணீரை நீட்டினார்.

"எங்கேருந்து வர்றீங்க?"

"கப்பல்லேருந்து" என்றாள் அத்தை, கண்ணைக்கூடச் சிமிட்டாமல்.

அந்த அம்மாள் அத்தையின் சுங்குடிப் புடவையையும் ரப்பர் செருப்பையும் ஒரு தடவை பார்த்தார். என்னையும் பார்த்தார். "கப்பல்லே தண்ணி நல்லா இருக்காது. இன்னும் கொஞ்சம் குடிங்க" என்றார்.

அப்புறம் அந்தத் திண்ணையில் இருபது நிமிஷம் போயிற்று. அவர் மாமனார் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவராம். 1954 நவம்பர் 1-ஆம் தேதி நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது. சட்டப்படி மாறியது 1962 ஆகஸ்டு 16. பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுகிறவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். இந்த வீட்டில் மூத்த பிள்ளை எழுதிக் கொடுத்துவிட்டு மார்ஸேய்க்குக் கப்பலேறினார். இளையவர், அதாவது இந்த அம்மாளின் கணவர், கொடுக்கவில்லை. "ரெண்டு பேரும் ஒரே திண்ணையிலே உக்காந்துதான் யோசிச்சாங்களாம். அவர் பிள்ளைங்க வருஷத்துக்கு ஒரு தடவை வருவாங்க. வந்தா இதே மாதிரி ரெண்டு நாள், மூணு நாள். கடிகாரத்தைப் பார்த்துக்கிட்டே இருப்பாங்க" என்று சொல்லி, சொம்பை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். நாங்கள் கடிகாரத்தைப் பார்க்கவில்லை என்று இருவரும் சாதித்துக்கொண்டோம்.

மணி பன்னிரண்டரை. தோழி சொன்னது இங்கேயும் சரியாக இருந்தது. பல கடைகள் மதியத்துக்குச் சாத்தத் தொடங்கிவிட்டன. பெரிய மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் மீன் குழம்பும் சோறும் சாப்பிட்டோம். நன்றாக இருந்தது, அதற்கு மேல் எழுதினால் வீட்டில் அம்மாவின் புளியோதரைக்கு அவமரியாதை.

என் கைப்பையில் ஒரு பட்டியல் இருந்தது. பாரதியார் வாழ்ந்த வீடு, ஆனந்தரங்கப் பிள்ளை மாளிகை, காட்சிசாலை, மாதா கோயில். மிச்சம் மூன்றரை மணி நேரம். ஆட்டோவை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றுக்கும் இருபது நிமிஷம் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். அத்தை கையைக் கழுவிவிட்டு வந்து எதிரே உட்கார்ந்தாள்.

"கண்ணு, எனக்கு இதெல்லாம் வேண்டாம். படகிலே போய் ஒரு கரையிலே இறங்கணும். அவ்வளவுதான். பஸ்ஸிலே வந்து கப்பல்லே வந்ததாச் சொன்னேன். அந்தம்மாவுக்குத் தெரிஞ்சுபோச்சு பாரு."

புத்தகத்துக்குள் பத்திரமாக வைத்திருந்த அந்தப் படத்தின் அர்த்தம் எனக்கு அப்போதுதான் விளங்கிற்று. அத்தைக்குக் கப்பலும் வேண்டாம், பிரெஞ்சு ஊரும் வேண்டாம். படத்தில் ஒரு பெண்மணி படகிலிருந்து கரைக்குக் காலை எடுத்து வைக்கிறாள். ஒருவர் கை கொடுக்கிறார். அதுதான் வேண்டும்.

பட்டியலை மடித்துப் பைக்குள் போட்டேன். கடலூர் ரஸ்தாவில் எட்டு கிலோ மீட்டர் தெற்கே போனால் நோணாங்குப்பம். அங்கே சுண்ணாம்பாற்றில் சுற்றுலாத் துறையின் படகுக் குழாம் இருக்கிறது. ஆற்றோடு போய், கடலில் கலக்கும் இடத்தில் ஒரு மணல் திட்டில் இறக்கிவிடுவார்கள். ஆட்டோக்காரர் பதினைந்து நிமிஷத்தில் கொண்டுபோய் விட்டார்.

டிக்கெட் வாங்கிப் படகுத்துறையில் நின்றோம். மிதவைச் சட்டையை மாட்டிவிட வந்த பையன் அத்தையைப் பார்த்து, "பாட்டி, உங்களால இறங்கி ஏற முடியுமா? அங்கே பலகை கொஞ்சம் ஆடும்" என்றான்.

"எங்க தாத்தாவுக்கு அப்பா..." என்று அத்தை ஆரம்பித்தாள். பின்னால் வரிசை நீண்டிருந்தது. "முடியும்" என்று நான் முடித்துவைத்தேன்.

ஆரஞ்சு நிறச் சட்டையும் சுங்குடிப் புடவையுமாக அத்தை முன்பலகையில் உட்கார்ந்தாள். படகு புறப்பட்டது. இரு கரையிலும் தென்னை, ஓரத்தில் அலையாத்திச் செடிகள், கொக்குகள். நான் பராக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன். அத்தை உதட்டை அசைத்து ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். கவசம் சொல்கிறாளாக்கும் என்று நினைத்தேன்.

"முப்பத்திரண்டு பேர்" என்றாள்.

சுமார் இருபது நிமிஷத்தில் மணல் தெரிந்தது. அதற்கு அப்பால் கடல் இரைச்சல். படகு பலகைத் துறையில் மோதி ஆடிற்று. இளையவர்கள் குதித்தார்கள். அத்தை எழுந்தாள், உட்கார்ந்தாள், மறுபடி எழுந்தாள். முழங்கால் நடுங்கியது எனக்குத் தெரிந்தது. நான் பிடிக்கப் போனேன், கையைத் தட்டிவிட்டாள். கரையில் நின்ற படகோட்டி ஒன்றும் பேசாமல் கையை நீட்டினார். அத்தை அதைப் பிடித்துக்கொண்டு, புடவை நனையாமல் முன்கொசுவத்தை மறு கையால் தூக்கிக்கொண்டு, காலை எடுத்து வைத்தாள்.

அவ்வளவுதான் விஷயம். படத்தில் இருந்தபடியே இருந்தது. நான் படம் எடுக்க மறந்துவிட்டேன்.

மணலில் நடந்து கடலோரம் போனோம். அலை பலமாக இருந்ததால் காவற்காரர் விசில் ஊதி, கணுக்காலுக்கு மேல் யாரையும் விடவில்லை. அத்தை கணுக்கால் வரை நின்றுகொண்டு, "இவ்வளவு மணல் இருக்கே! இதெல்லாம் நமக்கு வர வேண்டியதுதானே?" என்றாள். பிறகு சற்று யோசித்து, "நாம வந்தது கழியிலேதான், கடல்லே இல்லை. பரவாயில்லை. ஹார்பருக்குள்ளேயும் தண்ணி இப்படித்தான் அசையாம கிடக்கும்" என்று தன் மனசாட்சியோடு ஒரு சமரசம் செய்துகொண்டாள்.

நாலேகாலுக்குத் திரும்பினோம். அத்தை படகில் ஏறி உட்கார்ந்தாள். என் நிலைமைதான் சங்கடமாயிற்று. மணலில் கழற்றி வைத்திருந்த என் செருப்பில் ஒன்று இருந்தது; ஒன்றைக் காணோம். அலை இழுத்துக்கொண்டு போயிருக்க வேண்டும். வாங்கி ஒரு மாதந்தான் ஆகிறது. இங்கும் அங்கும் ஓடித் தேடிக்கொண்டிருந்தபோது, படகின் இயந்திரம் உறுமத் தொடங்கியது.

அத்தையின் குரல் அதற்கு மேல் கேட்டது. "இருப்பா, இரு! எங்க சரக்கிலே ஒண்ணு குறையுது! என் மருமகள் இன்னும் வரலே!"

முப்பது பேர் திரும்பிப் பார்க்க, ஒற்றைச் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடி வந்து ஏறினேன்.

"கப்பலா இருந்தா விட்டுட்டுப் போயிருக்கும்" என்றாள் அத்தை.

ராத்திரி பதினொன்றரைக்கு அத்திப்பட்டு வந்து சேர்ந்தோம். மறு நாள் காலை, பூஜை அலமாரியில் கவசப் புத்தகத்துக்கு வெளியே கொஞ்சம் நீட்டிக்கொண்டிருந்த அந்தப் பத்திரிகைத் துண்டை எடுத்துப் பார்த்தேன். பின்பக்கம் பென்ஸிலால், மாமாவின் கணக்குப் புத்தகங்களில் இருக்கும் அதே கட்டம் போட்டு அத்தை எழுதியிருந்தாள்:

ஏறியது 2. இறங்கியது 2. குறைவு இல்லை. சேதம்: செருப்பு 1.